அகிம்சை ஆய்வும் சிறு நல்கைகளும்

அகிம்சைப் போராட்டத்தை ஓர் அரசியல் வழிமுறையாகக் கொண்டு தரவுகளுடன் ஆராயும் துறை இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருவானது. போர்க் கலையை ஆராய உலகின் பல அரசுகள் கல்லூரிகளையும் பேராசிரியர் பதவிகளையும் வைத்திருந்த காலம் அது. ஆயுதமின்றிப் போராடுவதை ஆராய அப்படி ஒரு நாற்காலிகூட எங்கும் இருக்கவில்லை. அத்துறையின் முதல் தலைமுறையினர் தனியர்கள். ஓராண்டு அல்லது ஈராண்டுக்கான உதவித்தொகை, வேறொருவரின் திட்டத்திலிருந்து ஒதுக்கப்பட்ட பணம், நண்பர்கள் ஏற்பாடு செய்த அறை ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் வேலை செய்தனர். அமெரிக்க ஆய்வாளர் ஜீன் ஷார்ப்பின் (1928–2018) வாழ்க்கை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவருக்குக் கிடைத்த நல்கைகளே அவருடைய ஆய்வைச் சாத்தியமாக்கின. அவர் மீதான குற்றச்சாட்டுகளும் அந்த நல்கைகளிலிருந்தே எழுந்தன.

ரிச்சர்ட்சனின் மைக்ரோஃபிலிம்

ஷார்ப்புக்கு முந்தைய தலைமுறையின் நிலையை அறிய பிரிட்டிஷ் விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனின் (1881–1953) கதை உதவும். வானிலையைக் கணக்கீட்டின் வழியாக முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று 1922-ல் வெளிவந்த நூலில் காட்டியவர் அவர். குவேக்கர் மரபைச் சேர்ந்தவர். முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். போருக்குப் பின் பிரிட்டிஷ் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டதும் 1920-ல் பதவி விலகினார். 1940-ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வர் பதவியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, எஞ்சிய வாழ்நாளைப் போர்களின் காரணங்களைக் கணக்கிடுவதில் செலவிட்டார்.

1820 முதல் தம் காலம் வரை நடந்த கொலைச் சண்டைகளையெல்லாம் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு ரிச்சர்ட்சன் அட்டவணைப்படுத்தினார். நிலநடுக்கத்தின் அளவைப் போல, பத்தின் அடுக்குகளாகச் செல்லும் அளவுகோல் ஒன்றை அதற்குப் பயன்படுத்தினார். ஒரே எல்லையைப் பங்கிடும் நாடுகள் அதிகம் போரிடுகின்றனவா என்று பார்க்க எல்லைகளின் நீளம் தேவைப்பட்டது. ஒரே எல்லைக்கு வெவ்வேறு நூல்கள் வெவ்வேறு நீளத்தைத் தருவதை அப்போது கண்டார். கணித மேதை மாண்டல்பிராட் பின்னாளில் ஃப்ராக்டல் கோட்பாட்டை நோக்கிச் சென்றது இந்தக் கண்டடைதலைப் பற்றிக்கொண்டுதான். போரைப் பற்றிய ஆய்வு என்ற வகையில் அன்று அதற்குப் பதிப்பகம் கிடைக்கவில்லை. முதல் போர் முடிந்ததும் எழுதிய சிறுநூலை 1919-ல் சொந்தச் செலவில் முந்நூறு பிரதிகள் அச்சிட்டவர், இரண்டாம் போருக்குப் பின் தம் இரு பெருநூல்களையும் மைக்ரோஃபிலிமாக மட்டுமே வெளியிட முடிந்தது.

அவர் இறந்த மறு ஆண்டு, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் நடத்தை அறிவியல் உயராய்வு மையம் தொடங்கப்பட்டது. அறிஞர்களுக்கு ஓர் அறையும் ஓராண்டு வாழ்க்கைச் செலவும் கொடுத்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டுவிடுவது அதன் முறை. முதல் அணியில் இருந்த ரிச்சர்ட்சனின் மகன் ஸ்டீஃபன், தந்தையின் மைக்ரோஃபிலிம்களைத் தம்முடன் கொண்டுவந்திருந்தார். பொருளியலாளர் கென்னத் போல்டிங்கும் கணிதவியலாளர் அனடோல் ராப்பபோர்ட்டும் அவற்றை அங்கே வாசித்தனர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1957 முதல் வெளிவந்த மோதல் தீர்வு ஆய்விதழ் அந்த ஓராண்டு உரையாடல்களின் விளைவு. ரிச்சர்ட்சனின் நூல்கள் 1960-ல் அச்சேறின. ஆசிரியர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சிறையிலிருந்து ஆஸ்லோவுக்கு

ஜீன் ஷார்ப் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு புராட்டஸ்டன்ட் போதகரின் மகனாகப் பிறந்தார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் 1951-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். கொரியப் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவைக்கு ஒத்துழைக்க மறுத்ததற்காக இரண்டாண்டு தண்டனை விதிக்கப்பட்டு ஒன்பது மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். சிறை செல்லும் முன் காந்தியைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்திருந்தார். சம்பாரண், 1930–31 சட்டமறுப்பு, 1948 டெல்லி உண்ணாவிரதம் ஆகிய மூன்று நிகழ்வுகளைப் பற்றியது அது. முன்பின் அறியாத அந்த இளைஞருக்காக ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தார். நூலை அமெரிக்கப் பதிப்பகங்கள் எவையும் வெளியிடவில்லை. 1960-ல் அகமதாபாத்தின் நவஜீவன் பிரசுரம் வெளியிட்டது.

விடுதலைக்குப் பின் சில காலம் அமைதி இயக்கத் தலைவர் ஏ. ஜே. மஸ்ட்டியின் செயலாளராக இருந்த ஷார்ப், 1955-ல் லண்டன் சென்று 'பீஸ் நியூஸ்' வார இதழில் துணையாசிரியரானார். சம்பளம் சொற்பம். அவருடைய எழுத்துகளைக் கண்ட நார்வேயின் தத்துவவாதி ஆர்னே நெஸ் அவரை ஆஸ்லோவுக்கு அழைத்தார்.

ஆஸ்லோ அன்று இத்தகைய தனியர்களுக்கு இடம் கொடுத்த அரிதான ஊர். நெஸ், எரிக் ரிண்டே, வில்ஹெல்ம் ஊபெர்ட், ஸ்டைன் ரொக்கான் ஆகியோர் 1950-ல் அங்கு சமூக ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்தை அனுபவித்த தலைமுறை அது. கட்டாய ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்ற இன்னொரு இளைஞரான யோஹான் கால்டுங், நெஸ்ஸுடன் சேர்ந்து காந்தியின் அரசியல் அறம் பற்றிய நூலை 1955-ல் நார்வேஜிய மொழியில் வெளியிட்டிருந்தார். அந்நிறுவனத்திற்குள் 1959-ல் கால்டுங் தொடங்கிய சிறு பிரிவே 1966-ல் தனி நிறுவனமாகி, ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனம் என்று இன்று உலகெங்கும் அறியப்படுகிறது.

ஆசிரியர்களின் கடிதம்

ஆஸ்லோவில் ஷார்ப்புக்குக் கிடைத்த உதவி பெரியதல்ல. ஆனால் அது ஒரு நாட்டில் தங்கி, மனிதர்களைத் தேடிச் சென்று பேசும் அவகாசத்தை அவருக்குக் கொடுத்தது. நாஜிகளின் ஆதரவுடன் ஆட்சி செய்த விட்குன் க்விஸ்லிங்கை 1942-ல் நார்வேயின் பள்ளி ஆசிரியர்கள் எதிர்த்து நின்ற வரலாற்றை, அதில் பங்குகொண்டவர்களிடமிருந்தே அவர் கேட்டுத் திரட்டினார். நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கேட்கப்பட்டவர்களில் பலர் வகுப்பறைகளுக்குத் திரும்பி வழக்கம்போல் பாடம் நடத்திக்கொண்டிருந்தனர்.

1942 பிப்ரவரி தொடக்கத்தில் க்விஸ்லிங் அரசு புதிய ஆசிரியர் சங்கம் ஒன்றைச் சட்டத்தால் உருவாக்கியது. எல்லா ஆசிரியர்களும் அதில் கட்டாய உறுப்பினர்கள். அதன் தலைமை கட்சியின் சீருடைப் படைத் தலைவரிடம் கொடுக்கப்பட்டது. எல்லாத் தொழில்களையும் இப்படிச் சங்கங்களாக்கி, அவற்றைக் கொண்டு முசோலினியின் இத்தாலியைப் போன்ற அரசை அமைப்பது திட்டம். ரகசியமாக இயங்கிய எதிர்ப்புக் குழு சில வரிகளே கொண்ட ஒரு வாசகத்தை எழுதி நாடெங்கும் பரப்பியது. அதைத் தன் கையால் எழுதி, தன் பெயரும் முகவரியும் இட்டு, ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியே அரசுக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். நார்வேயில் இருந்த சுமார் 12,000 ஆசிரியர்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் அப்படி அனுப்பினர்.

அரசு எரிபொருள் தட்டுப்பாடு என்று காரணம் கூறிப் பள்ளிகளை ஒரு மாதம் மூடியது. விறகு தருகிறோம் என்று ஊர்கள் முன்வந்தன. பெற்றோரிடமிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. மார்ச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் ஆசிரியர்கள் கைதாயினர். முகாமில் பனியிலும் சேற்றிலும் தவழவைத்து, அரைப்பட்டினி போட்டு, கையெழுத்துக் கேட்டனர். சிலரே பணிந்தனர். ஏப்ரலில் சுமார் 500 பேர் மாட்டுவண்டி போன்ற ரயில் பெட்டிகளில் ட்ரொண்ட்ஹைம் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கிருந்து 'ஸ்கியர்ஸ்டாட்' என்ற சிறு நீராவிக் கப்பலில் அடைக்கப்பட்டு, ஆர்க்டிக் கரையில் இருந்த கிர்கெனெஸுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஜெர்மானிய ராணுவத்தின் சரக்குகளை இறக்கும் வேலை. கைதானவர்களின் குடும்பங்களை ஊர்மக்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினர்.

வெளியே எஞ்சியிருந்த ஆசிரியர்கள் பள்ளி திறந்த முதல் நாளே மாணவர்கள் முன் தாம் அச்சங்கத்தின் உறுப்பினர் அல்ல என்று அறிவித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினர். மே மாதம் ஆஸ்லோவை அடுத்த ஸ்டாபெக் பள்ளிக்குச் சென்ற க்விஸ்லிங், தம் திட்டம் முழுவதையும் ஆசிரியர்கள் பாழாக்கிவிட்டதாக அவர்கள் முகத்துக்கு நேரே கத்தினார். தொழிற்சங்க அரசுத் திட்டம் கைவிடப்பட்டது. நவம்பருக்குள் கிர்கெனெஸ் சென்றவர்கள் எல்லாரும் வீடு திரும்பினர்.

ஷார்ப் எழுதிய சிறுநூலைப் 'பீஸ் நியூஸ்' வெளியிட்டது. அதைவிட முக்கியமானது, இந்த உரையாடல்கள் அவர் சிந்தனையில் ஏற்படுத்திய மாற்றம். அவர் சந்தித்த ஆசிரியர்கள் கொள்கை அளவில் அகிம்சாவாதிகள் அல்லர். நேச நாட்டுப் படைகள் வந்து நாஜிகளைச் சுட்டு விரட்டினால் மகிழ்ச்சியுடன் வரவேற்றிருப்பார்கள். அவர்களிடம் ஆயுதம் இல்லை, ஆகவே ஆயுதம் தேவைப்படாத வழியில் போராடினார்கள். 1930–31 சட்டமறுப்பில் பங்குகொண்ட இந்தியர்களில் பெரும்பாலோரும் அகிம்சையை ஒரு செயல்முறையாகவே ஏற்றவர்கள் என்பதை ஷார்ப் முன்னரே குறித்துவைத்திருந்தார். ஆள்பவனின் அதிகாரம் ஆளப்படுபவர்களின் ஒத்துழைப்பிலிருந்து வருகிறது, அதைத் திரும்பப் பெறும் நுட்பங்களை யாரும் கற்கலாம், அதற்குத் துறவியாக வேண்டியதில்லை என்ற அவருடைய மையக் கருத்து இங்கிருந்து உருப்பெற்றது. காந்தியை இப்படிச் சுருக்கலாமா என்ற கேள்வி காந்தியர்களிடம் இன்றும் உண்டு. அக்கேள்வி நியாயமானது. காந்திக்கு வழிமுறையும் வாழ்க்கைமுறையும் பிரிக்க முடியாதவை.

1965: இரண்டு முடிவுகள்

1965-ல் ஆஸ்லோ வட்டத்தைச் சேர்ந்த இருவர் முன் அமெரிக்க ராணுவத் துறையின் பணம் வந்து நின்றது. இருவரும் வெவ்வேறு முடிவெடுத்தனர்.

கால்டுங் அப்போது சிலியின் சந்தியாகோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்க ராணுவம் 'கேம்லாட் திட்டம்' என்ற பெயரில் ஒரு மாபெரும் சமூகவியல் ஆய்வைத் தொடங்கியிருந்தது. வளரும் நாடுகளில் கிளர்ச்சிகள் ஏன் தோன்றுகின்றன, அரசுகள் அவற்றை எப்படித் தடுக்கலாம் என்பது ஆய்வுப் பொருள். மதிப்பீடு 40 முதல் 60 லட்சம் டாலர் வரை. சமூக அறிவியல் அதுவரை கண்டிராத தொகை அது. திட்டத்தை வகுக்கும் மாநாட்டுக்கு வந்த அழைப்பை, ராணுவம் நடத்தும் ஆய்வு என்ற காரணத்தால் கால்டுங் மறுத்தார். சிலியின் ஆய்வாளர்களிடமும் செய்தியைச் சொன்னார். அது பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போய்ப் பெரும் கொந்தளிப்பாகி, ஜூலை மாதம் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மெக்னமாரா திட்டத்தையே ரத்து செய்தார்.

அதே ஆண்டு ஷார்ப் ஹார்வர்டுக்குச் சென்றார். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவரை, அணு ஆயுதப் போட்டியின் கணக்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் அழைத்திருந்தார். ஷெல்லிங்கின் பார்வையில் வேலைநிறுத்தமும் அணுகுண்டு மிரட்டலும் பேரம் பேசும் முறைகளின் இரு முனைகள். தம் திட்டத்திற்கு வந்த நிதியிலிருந்து ஷார்ப்புக்கு அவர் ஒரு பங்கை ஒதுக்கினார். அந்த நிதி ஃபோர்டு அறக்கட்டளையிடமிருந்தும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயராய்வுத் திட்ட முகமையிடமிருந்தும் வந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டைக் கட்டியது அதே முகமைதான்.

அப்பணத்தில் உருவானது 1973-ல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'அகிம்சைச் செயல்பாட்டின் அரசியல்' என்ற ஷார்ப்பின் பெருநூல். கடையடைப்பு, சமூக விலக்கு, வரிகொடாமை, ஊர்விட்டு வெளியேறுதல் என்று வரலாற்றிலிருந்து 198 வழிமுறைகளை எடுத்துக்காட்டுகளுடன் அது வகைப்படுத்துகிறது. கால்டுங் மறுத்த பணமும் ஷார்ப் ஏற்ற பணமும் ஒரே வகையானவை என்று சொல்லிவிட முடியாது. கேம்லாட் கேள்விகளையும் ராணுவமே வகுத்த திட்டம். ஷார்ப்புக்கு யாரும் கேள்வி கொடுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் முன்னரே எழுதிக்கொண்டிருந்ததைத்தான் அங்கே முடித்தார். பணம் எங்கிருந்து வந்தது என்பதை நூலின் முகப்பிலேயே அச்சிட்டார். அமைதி இயக்கத்தின் நண்பர்கள் கேட்டபோது, ராணுவத்துக்கு மாற்று ஒன்றைத் தேட அரசு செலவழிப்பது நல்லதுதானே என்பது அவர் நிலைப்பாடாக இருந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அந்தப் பதில் எல்லாருக்கும் போதுமானதாக இருந்திருக்க முடியாது.

ஹார்வர்டின் சர்வதேச விவகார மையத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் ஆய்வாளராகத் தொடர்ந்தார். நிலையான பேராசிரியர் பதவி அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. வகுப்பெடுத்துச் சம்பாதித்தது அதே மாநிலத்தின் சிறிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில்.

ஐன்ஸ்டைன் பெயரில் ஒரு நிறுவனம்

1983-ல் ஷார்ப் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் நிறுவனத்தைத் தொடங்கினார். தமக்கு முன்னுரை தந்தவரின் பெயரை வைத்தார். அதன் பணிகளில் ஒன்று, தமக்கு ஒருகாலத்தில் தேவைப்பட்டதைப் பிறருக்குக் கொடுப்பது. அகிம்சைப் போராட்டத்தை ஆராயும் தனியாட்களுக்கு அந்நிறுவனம் நல்கை அளித்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதுபவர், பட்டம் பெற்ற பின் ஆய்வைத் தொடர்பவர், போராட்டத்தில் நேரடியாகப் பங்குகொண்டு தம் அனுபவத்தை எழுதி வைக்க விரும்புபவர் ஆகிய மூவகையினரும் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் வகையைச் சேர்த்ததில் ஷார்ப்பின் நார்வே அனுபவம் தெரிகிறது. எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பணம் கொடுத்தால் கிர்கெனெஸ் ஆசிரியர்களின் கதைகள் வராது.

நல்கை பெற்றவர்களில் ஒருவர் வரலாற்றாய்வாளர் நேதன் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ். 1943 பிப்ரவரி இறுதியில் பெர்லினில் எஞ்சியிருந்த யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டபோது, ஜெர்மானியப் பெண்களை மணந்திருந்த யூத ஆண்கள் ரோசன்ஸ்ட்ராசே தெருவில் ஒரு கட்டடத்தில் அடைக்கப்பட்டனர். மனைவியர் அத்தெருவில் கூடி, கணவர்களைத் திருப்பிக் கேட்டு ஒரு வாரம் நின்றனர். அடைக்கப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் எஞ்சியிருந்த சாட்சிகளைத் தேடிப் பேட்டி கண்டு 1996-ல் நூலாக்கினார். அவர்களை நாடு கடத்தும் எண்ணமே நாஜிகளுக்கு அப்போது இல்லை, ஆகவே போராட்டத்தால் விடுதலை வரவில்லை என்று வேறு சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகின்றனர். விவாதம் முடியவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் வாக்குமூலங்கள் அவர்கள் உயிருடன் இருந்தபோதே பதிவாகிவிட்டன. ஆய்வு நல்கைகளில் காலத்தின் பங்கு பெரிது. பத்தாண்டு தாமதித்து வரும் பெரிய தொகையைக் கொண்டு இறந்தவர்களைப் பேட்டி காண முடியாது.

ஒரே புரவலர்

ஐன்ஸ்டைன் நிறுவனத்தின் பணம் பெருமளவும் ஒருவரிடமிருந்து வந்தது. பீட்டர் அக்கர்மன் ஷார்ப்பிடம் பயின்று, அகிம்சைப் போராட்ட உத்திகள் பற்றி 1976-ல் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் வால் ஸ்ட்ரீட்டில் ட்ரெக்சல் பர்ன்ஹாம் லாம்பர்ட் நிறுவனத்தில் கடன் பத்திர வணிகத்தில் பெரும் செல்வந்தரானார். ஆசிரியருக்கு மாணவர் புரவலராவது நம் மரபுக்கு அந்நியமானதல்ல. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் இருவரின் பாதைகளும் பிரிந்தன. அக்கர்மன் 2002-ல் சர்வதேச அகிம்சை மோதல் மையம் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். ஐன்ஸ்டைன் நிறுவனத்துக்கான அவருடைய நிதி நின்றது. அலுவலகம் சுருங்கி, கிழக்கு பாஸ்டனில் இருந்த ஷார்ப்பின் வீட்டுத் தரைத்தளத்துக்கு வந்தது. அவரும் நிர்வாக இயக்குநர் ஜமீலா ரகீப்பும் மட்டும் எஞ்சினர். பிறருக்கு நல்கை கொடுக்கும் திட்டம் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது.

விந்தை என்னவென்றால் நிறுவனம் மெலிந்த அதே ஆண்டுகளில்தான் ஷார்ப்பின் புகழ் உச்சத்துக்குச் சென்றது. பர்மாவின் ஜனநாயகப் போராளிகளுக்காக அவர் எழுதி, 1993-ல் பாங்காக்கில் வெளியான 'சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு' என்ற சிறுநூல் கைமாறிக் கைமாறி முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்றது. செர்பியாவில் மிலோசெவிச்சுக்கு எதிரான மாணவர்கள் அதைப் படித்தனர். புகழுடன் குற்றச்சாட்டும் வந்தது. வெனிசுலாவின் அதிபர் சாவெஸ் 2007-ல் ஷார்ப்பை வாஷிங்டனின் கையாள் என்றார். ஈரான் அரசு 2008-ல் ஓர் அனிமேஷன் படத்தில் அவரைச் சதிகாரராகக் காட்டியது. பாதுகாப்புத் துறையின் பழைய பணமும், முன்னாள் ராணுவ கர்னல் ராபர்ட் ஹெல்வி அவருடன் பணியாற்றியதும் இதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன. நோம் சாம்ஸ்கி, ஹோவர்ட் ஜின் உள்ளிட்ட இடதுசாரி அறிஞர்கள் 2008-ல் கையெழுத்திட்ட கடிதம் அக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. அமெரிக்க வெளியுறவுக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தவர்கள் அவர்கள் என்பதால் அம்மறுப்புக்கு எடை உண்டு. எனினும் ஷார்ப்பின் கோட்பாடு அரசுகளை மட்டுமே பேசி, பொருளாதார அதிகாரத்தைத் தொடாமல் விடுவது அவர் இருந்த இடத்தின் விளைவு என்ற விமர்சனத்தை அக்கடிதம் தீர்க்கவில்லை. ஷார்ப் 2018 ஜனவரி 28 அன்று அந்த வீட்டிலேயே காலமானார்.

அக்கர்மன் தொடங்கிய மையம் 2006-ல் இளம் கல்வியாளர்களுக்கு நடத்திய ஒரு பயிலரங்குக்கு எரிகா செனோவெத் என்ற ஆய்வாளர் வந்தார். பயங்கரவாதத்தை ஆராய்பவர். அகிம்சை வெற்றிபெறும் என்பது நல்லெண்ணம் மட்டுமே, புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டார். மையத்தில் பணியாற்றிய மரியா ஸ்டீஃபன் அவருடன் சேர்ந்து அதைத் தேடினார். 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்ட இயக்கங்களை இருவரும் தொகுத்தனர். ஆட்சி மாற்றம், அந்நியரை வெளியேற்றுதல், பிரிவினை போன்ற பெரிய இலக்குகள் கொண்டவை மட்டும் கணக்கில் சேர்ந்தன. அகிம்சை இயக்கங்களில் 53 சதவீதமும், ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதமும் வென்றிருந்தன. 2008-ல் கட்டுரையாகவும் 2011-ல் நூலாகவும் வெளிவந்த இம்முடிவை வேறு ஆய்வாளர்கள் வேறு தரவுகளைக் கொண்டு இன்றும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். எதை இயக்கம் என்று கணக்கிடுவது, முளையிலேயே நசுக்கப்பட்டவற்றை எங்கே சேர்ப்பது, கல்லெறிதல் நிகழ்ந்த போராட்டத்தை எந்தப் பட்டியலில் வைப்பது என்பவை அதன் விவாதப் புள்ளிகள். கொலைச் சண்டைகளின் பட்டியலை ரிச்சர்ட்சன் தனியாக உட்கார்ந்து தயாரித்தபோது எதிர்கொண்டதும் ஏறத்தாழ இதே சிக்கல்களைத்தான்.